பாட்டோடு பெயரையும் அனுப்புங்கள்

வவுனியாவில் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது: "சினிமாப் பாட்டு இல்லாமல், தாங்களாகவே எழுதிப் பாடி வெளியிடுகிற ஆக்களின் பாட்டுகளைக் கேட்க ஆசையாக இருக்கிறது. யூடியூப்பில் தேடினால் அதே பத்துப் பாட்டுத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்குப் பிடித்த ஒன்றை வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டாலும் ஒருவரும் கேட்பதில்லை. நல்ல பாட்டுகளை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மற்றவர்களைக் கேட்க வைப்பது?"

நான் கிளிநொச்சியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். திருவிழா, கலியாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று வருடம் முழுக்க ஓட்டம். அதற்கு முதல், 2002இல் ஏ9 பாதை திறந்த காலத்தில், ஒரு சின்ன றெக்கோடிங் பார், அதாவது பாட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து விற்கிற கடை, வைத்திருந்தேன். பாட்டைத் தேடி எடுப்பதும் அதை இன்னொருவர் காதில் போடுவதும் எனக்குத் தொழில். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கப் பழகியது கரண்ட் இல்லாத காலத்தில். 1990களில் வன்னிக்குள் பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற கரண்டில் றேடியோ பாடும். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் மெலிந்து போகும். அப்படிப் பாடுபட்டுக் கேட்டதால் அறிவிப்பாளர் சொல்லும் ஒரு சொல்லையும் விடமாட்டோம். பாட்டு எழுதியவர் யார், இசை யார், பாடியது யார் என்று அவர் சொல்வதெல்லாம் மனப்பாடம். எனக்குப் பாட்டைத் தேடத் தெரிந்தது அந்தப் பழக்கத்தால்தான். உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுதான்: பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஒரு பாட்டுப் பிடித்தால் அதற்குக் கீழே இருக்கும் விபரத்தை விரித்து வாசியுங்கள். பாடியவர் பெயரை எல்லாரும் பார்ப்பார்கள். வரி எழுதியவர், இசை செய்தவர், வாத்தியம் வாசித்தவர், மிக்சிங் செய்தவர் பெயர்களையும் பாருங்கள். என் அனுபவத்தில் பாடகரை விட இசை செய்தவர்தான் நல்ல வழிகாட்டி. ஒரு இசையமைப்பாளரின் சின்ன அறைக்குள் எத்தனையோ பாடகர்கள் வந்து போவார்கள். அவர் பெயரைத் தேடினால் அந்த அறைக் கதவே திறந்த மாதிரி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஷான் வின்சென்ட் டி போல் என்று ஒரு ராப் பாடகர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரொறன்ரோவில் வளர்ந்தவர். 2021இல் 'மேட் இன் ஜப்னா' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். அவரும் யஞ்சன் என்ற மிருதங்கக் கலைஞரும் சேர்ந்து 'மிருதங்கம் ராப்ஸ்' என்று ஒரு தொடர் செய்தார்கள். மிருதங்கத்தைத் தாளமாக வைத்து அதன் மேல் ராப். அதை முதன்முதல் பொக்ஸில் போட்டுக் கேட்டபோது எனக்கு வேற்று இசையாகவே தெரியவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் முல்லைமோடி என்ற எங்கள் கூத்து முறையில் கோவலன் கூத்து ஆடுவார்கள். மத்தளம் அடி போட, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் பாட்டெடுக்க, ஆடுகிறவர் அதற்கு மேல் சொல்லைக் கொட்டுவார். விடிய விடிய இருந்து பார்த்த ஆளுக்குத் தோல் வாத்தியமும் வேகமான சொல்லும் மோதுகிற இன்பம் தெரிந்த ஒன்று. அந்தப் பாட்டில் நான் பிடித்துக்கொண்டது மிருதங்கம் வாசித்தவரின் பெயரை. யஞ்சன் தனியாக என்ன செய்கிறார், யாருக்கு இசை செய்து கொடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டு போனால் ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் இசை உலகம் ஒன்று விரியும். அதே நகரத்தில் நவ்ஸ்-47 என்று ஒரு பெண் தமிழும் ஆங்கிலமும் கலந்து ராப் பாடுகிறார். அவருடைய குரலில் இருக்கிற அதிகாரத்தை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

சென்னைப் பக்கம் போக வேண்டுமென்றால் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவில் தொடங்குங்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரியில் முதல் மேடை. கானா, ராப், ரொக் எல்லாம் ஒரே மேடையில் நின்று சாதியைப் பற்றி நேராகப் பாடின. இதிலும் பெயரைப் பிடியுங்கள். தென்மாவைப் பிடித்தால் அவரும் கபேர் வாசுகியும் இருந்த 'குரங்கன்' குழுவுக்குப் போகலாம். கபேர் வாசுகியைப் பிடித்தால், கிட்டாரோடு தனியாக நின்று பேச்சுத் தமிழில் பாடுகிற பாட்டுகள் கிடைக்கும். இரவில் ஹெட்போனில் கேட்க அதுபோல இல்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவில் இருந்த அறிவு என்ற ராப் பாடகரைப் பிடித்தால் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டுக்குப் போகலாம்.

அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2021 மார்ச்சில் வந்த பாட்டு. பாடியவர்கள் தீ என்ற பாடகியும் அறிவும், இசை சந்தோஷ் நாராயணன். எல்லாரும் கேட்டிருப்பீர்கள். ஆனால் அதற்குள் இருக்கிற வள்ளியம்மாளை எத்தனை பேருக்குத் தெரியும்? அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்ட சனங்களில் ஒருவர். அந்தக் கதைதான் பாட்டின் வேர். எங்கள் கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் போய் இந்தப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிவந்த குடும்பங்கள் எத்தனை. வள்ளியம்மாளுடைய கப்பல் ஒரு பக்கம் போனது, இவர்களுடைய லொறி இந்தப் பக்கம் வந்தது. ஒரு கோயில் திருவிழாவில் இதைப் போட்டபோது, எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். "இது யார் பெத்த பிள்ளை பாடுறது?" என்று கேட்டார். நான் வள்ளியம்மாளின் கதையைச் சொன்னேன். இன்னொருக்கால் போடச் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் இல்லாவிட்டாலும் போட்டேன்.

உலகமே கேட்ட அந்தப் பாட்டுக்கும் பெயர்ப் பிரச்சினை வந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு தீயையும் ஷான் வின்சென்ட் டி போலையும் அட்டையில் போட்டது. பாட்டை எழுதிப் பாடிய அறிவு அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் வெளிப்படையாகக் கேட்டார்கள். பிறகு அறிவுக்கும் ஒரு அட்டை வந்தது. பெரிய மேடையிலேயே ஒரு ஆளின் பெயர் இப்படி நழுவுகிறது என்றால், விசுவமடுவில் ஒரு பொடியன் போனில் பாடி ஏற்றிய பாட்டின் கதியை யோசியுங்கள்.

சினிமாவுக்கு வெளியே பாடுவதைப் புது நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். சுயாதீன இசை என்ற சொல்தான் புதிது. 1970களில் எங்கள் நாட்டில் பொப்பிசை கொடிகட்டிப் பறந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், 'சுராங்கனி'யை ஊரூராகக் கொண்டுபோன ஏ. ஈ. மனோகரன் இவர்களெல்லாம் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. 'சின்ன மாமியே' பாட்டு எல்லாருக்கும் தெரியும். அது நித்தியுடையது என்று சொன்னால், "அது நாட்டுப்பாடல் இல்லையா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. மலேசியாவில் யோகி பி, நட்சத்திரா குழு 2006இல் 'வல்லவன்' தொகுப்பைப் போட்டபோது எங்கள் பொடியள் தமிழில் ராப் பாட முடியும் என்று நம்பத் தொடங்கினார்கள்.

சரி, தேடும் வேலைக்கு வருவோம். நீங்கள் முன்னம் கேட்டதை வைத்துத்தான் யூடியூப் அடுத்ததைத் தருகிறது. சினிமாப் பாட்டாகக் கேட்ட போனில் புது ஆள் வருவது கஷ்டம். இதற்கென்று ஒரு தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் சினிமாப் பாட்டே கேட்காதீர்கள். இரண்டு கிழமையில் வித்தியாசம் தெரியும். தேடும்போது 'சுயாதீன இசை' என்று போட்டால் கட்டுரைதான் வரும். பாடுகிற பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு 'அல்பம் பாட்டு' என்றுதான் பெயர் வைக்கிறார்கள், அதையும் ஆங்கில எழுத்தில். ஆகவே அந்தச் சொல்லோடு கிளிநொச்சி, வவுனியா, மன்னார், மட்டக்களப்பு என்று ஊர்ப் பெயரைச் சேர்த்து, தமிழ் எழுத்தில் ஒரு தரம், ஆங்கில எழுத்தில் ஒரு தரம் தேடுங்கள். தேடல் வடிகட்டியில் பதிவேற்றிய திகதியை இந்தக் கிழமை, இந்த மாதம் என்று குறுக்கிப் பாருங்கள். நூறு பேர் பார்த்த வீடியோவெல்லாம் அப்போதுதான் மேலே வரும். முதல் அரை நிமிடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வீட்டில் பதிவு செய்த பாட்டில் ஒலி கரகரக்கும். அதைத் தாண்டி மெட்டு நிற்கிறதா, சொல் சொந்தச் சொல்லா என்று கேளுங்கள்.

டேட்டா காசு பற்றியும் சொல்ல வேண்டும். வீடியோவாகக் கேட்பதுதான் காசைத் தின்னும். ஸ்பொட்டிஃபை செயலி 2021இலிருந்து இலங்கையில் கிடைக்கிறது. அதில் சாதாரணத் தரத்தில், அதாவது 96 கிலோபிற்றில் ஒரு மணித்தியாலம் கேட்டால் ஏறக்குறைய 43 எம்.பி.தான் போகும். ஆனால் எங்கள் பக்கத்துப் பாட்டுகள் பல அங்கே ஏறுவதில்லை, யூடியூப்போடு நின்றுவிடும். ஆகவே யூடியூப்பில் கேட்கும்போது படத்தின் தரத்தைக் கடைசிக்குக் குறைத்துவிடுங்கள்.

பாடுகிற ஆளுக்குக் காசு போகிற விஷயத்தில் இரண்டைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2024இலிருந்து ஸ்பொட்டிஃபையில், முந்திய 12 மாதத்தில் 1000 தரமாவது கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகை கிடையாது. அந்த 1000 என்பது புது ஆளுக்குப் பெரிய வரம்பு. நீங்களும் உங்கள் நண்பிகளும் உண்மையாகக் கேட்டு, சேமித்து, உங்கள் பட்டியலில் சேர்ப்பது அதனால்தான் முக்கியம். போனில் போட்டுவிட்டுச் சத்தத்தைக் குறைத்து இரவு முழுக்க ஓடவிட வேண்டாம். அப்படிச் செயற்கையாக ஏற்றிய கணக்கை அவர்கள் கண்டுபிடித்துக் கழித்துவிடுவார்கள், பாடியவருக்குத்தான் கெடுதல். மற்றது பான்ட்காம்ப். அங்கே பாட்டை விலைக்கு வாங்கலாம், டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 வீதம்தான். 'பான்ட்காம்ப் வெள்ளி' என்று அறிவிக்கிற நாட்களில் அதையும் எடுப்பதில்லை. டொலரில் கட்டுவது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். ஆனால் வெளிநாட்டில் ஒரு மாமாவோ சித்தியோ இல்லாத வீடு வன்னியில் குறைவு. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்டால், ஒரு தொகுப்பின் பெயரைச் சொல்லுங்கள். என் மருமகள் அப்படித்தான் சேர்த்தாள். வாங்கிக் கொடுத்த மாமாவும் இப்போது கேட்கிறார்.

இனி, உங்கள் வகுப்புக் குழுவில் ஏன் ஒருவரும் கேட்பதில்லை என்ற கேள்வி. குழுவில் போட்டது எல்லாருக்கும் போட்டது, ஆகவே ஒருவருக்கும் போட்டதில்லை. காலை வணக்கப் படத்துக்கும் பரீட்சை அட்டவணைக்கும் நடுவில் ஒரு இணைப்புக் கிடந்தால் யார் தொடுவார்கள்? றெக்கோடிங் பாரில் நான் ஒருநாளும் "இது நல்ல பாட்டு" என்று விற்றதில்லை. வருகிற ஆளைப் பார்ப்பேன். உழவு மெஷின் ஓடுகிறவரா, ஆசிரியையா, காதல் தோற்றவனா. அவருக்கென்று ஒன்றை எடுத்து, அதில் ஒரு இடத்தை மட்டும் போட்டுக் காட்டுவேன். நீங்களும் அப்படி ஒரு ஆளுக்கு ஒரு பாட்டை அனுப்புங்கள். மூன்று அனுப்பினால் ஒன்றும் கேட்கப்படாது. கூடவே ஒரு வரி எழுதுங்கள்: "இரண்டாவது நிமிடத்தில் மிருதங்கம் மட்டும் தனியாக நிற்கும், அந்த இடத்தை உன் அண்ணாவுக்குக் காட்டு." இப்படி எழுதினால் கேட்காமல் விடமுடியாது. இரண்டு நாள் கழித்து அதைப் பற்றிக் கதையுங்கள். அவர் திருப்பி ஒன்றை அனுப்பினால், உங்களுக்குப் பிடிக்காத வகை என்றாலும், முழுதாகக் கேளுங்கள்.

முக்கியமானது: இணைப்பை அனுப்புங்கள், பாட்டுக் கோப்பை அனுப்பாதீர்கள். வட்ஸ்அப்பில் ஒலிக்கோப்புப் பல கை மாறும்போது அதன் பெயர் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஏ-யு-டி என்று மூன்று எழுத்து, ஒரு திகதி, கடைசியில் ஒரு இலக்கம். பாடியவரும் இல்லை, எழுதியவரும் இல்லை. பஸ்காரரின் பென் டிரைவில் அப்படி நூற்றுக்கணக்கில் கிடக்கும். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும், பாடிய பிள்ளையின் பக்கத்தில் ஒரு எண்ணும் ஏறாது. ஸ்டேட்டஸில் ஒரு துண்டு போட்டாலும் அதன் மேல் பாடியவர், எழுதியவர், இசை செய்தவர் பெயரை எழுதுங்கள். அரை நிமிட வேலை.

ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியில், அஞ்சலோட்டம் தொடங்க முன் இடைவெளி இருந்தது. நான் முன்னம் சொன்ன விசுவமடுப் பொடியன் குளக்கட்டைப் பற்றி எழுதிப் பாடிய பாட்டை அப்போது போட்டேன். ஸ்டூடியோ இல்லாமல், போர்வைக்குள் இருந்து போனில் பதிவு செய்தது. அவனிடம் முன்கூட்டியே கேட்டுத்தான் போட்டேன், நீங்களும் ஊர்ப் பிள்ளைகளின் பாட்டைப் பொது இடத்தில் போட முன் ஒரு சொல் கேளுங்கள். பாட்டுக்கு முன்னும் பின்னும் மைக்கில் அவன் பெயரையும் ஊரையும் சொன்னேன், இலங்கை வானொலி அறிவிப்பாளர் சொன்ன மாதிரி. மாலையில் அவனுடைய வீடியோவின் கீழே எங்கள் சனங்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். "எங்கட குளம்தானே இது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த மாதம் அவன் இரண்டாவது பாட்டைப் போட்டான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாடகர் இருக்கக்கூடும். நெல் அறுக்கும்போது பாடும் அரிவுவெட்டுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி தெரிந்த அம்மம்மா இருந்தால் போனில் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே அவருடைய வாயால் பெயர், ஊர், யாரிடம் கேட்டுப் படித்தது என்று சொல்ல வையுங்கள். பிறகு திகதியைச் சொல்லுங்கள். 2005இலிருந்து எங்கள் எழுத்துகளைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்கிறது. அம்மம்மாவின் சம்மதத்தோடு அங்கே கொடுக்கலாம்.

பெயர் பெயர் என்று இவ்வளவு சொல்வதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. 2008 கடைசியில் இடம்பெயர்ந்தபோது கடையின் ஒலிநாடாக்களை இரண்டு றங்குப்பெட்டியில் போட்டு, பொலித்தீன் சுற்றி, தருமபுரத்தில் ஒரு தென்னையடியில் தாட்டுவிட்டுப் போனோம். மீளக்குடியமர்ந்து வந்து தோண்டினோம். ஒரு பெட்டி முழுக்கத் தண்ணீர். மற்றதில் பாதி நாடா ஒட்டிப் போயிருந்தது. பொறுமையாகச் சுற்றிப் பிரித்ததில் பதினொரு நாடா பாடின. மட்டைகள் எல்லாம் கரைந்துவிட்டன. பத்தில் இருப்பவர்கள் யார் என்று குரலை வைத்துக் கண்டுபிடித்தேன்.

பதினோராவது ஒரு பெண்குரல். அரிவுவெட்டு மெட்டில் தொடங்கி வேறெங்கோ போய்த் திரும்பி வருகிறார், சொற்கள் அவருடைய சொந்தச் சொற்கள் போல இருக்கின்றன. பின்னால் ஹார்மோனியம் மட்டும். மூன்றாவது சரணத்தில் தூரத்தில் ஒரு சேவல் கூவுகிறது, அவர் நிறுத்தாமல் பாடுகிறார். முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் என்று திருவிழாவுக்குப் போன இடமெல்லாம் போட்டுக் காட்டிவிட்டேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த ஒரு பெரியவர் மட்டும், "குமுழமுனைப் பக்கத்துப் பிள்ளையாக இருக்கலாம்" என்றார். அதற்கு மேல் தெரியவில்லை. தங்கச்சி, உங்கள் வகுப்பில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் வீட்டில் கேட்கச் சொல்லுங்கள். சேவல் கூவுகிற பாட்டு என்று சொன்னால் பாடியவருக்கு ஞாபகம் வரும்.